ஏம்பலம் கோயிலின் இன்னொரு வாசல்

ஏம்பலத்தில் பழமையான கோயில் ஒன்றுக்கு 2000ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்றின் வழியே சாமி கும்பிடப் போவார்கள். அதில் தலித் மக்களுக்கும், மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கும் அனுமதி கிடையாது. இன்னொரு வாசலுக்குள் கணினி இருந்தது. அங்கே யாரும் போகலாம்.

அந்த இரண்டாவது வாசல் தானாகத் திறந்துவிடவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கணினியும் பயிற்சியும் நிறுவனம் தரும், இடத்தை ஊர் தர வேண்டும். அந்த இடம் எல்லாச் சாதியினரும் வந்துபோகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கணினியை இறக்குவதற்கு முன் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். இப்போது யாரிடம் விவரம் கேட்கிறீர்கள், என்ன விவரம் வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்த பதில்களை வைத்துத்தான் ஏற்பாடுகள் நடந்தன. தொலைபேசி வசதி போதாததால் கிராமங்களை வயர்லெஸ் இணைத்தது. மின்வெட்டுக்குச் சூரியசக்தி கைகொடுத்தது. விவரங்கள் தமிழில் வந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 சுனாமி நாளில் நல்லவாடு மக்களைக் காப்பாற்றியதும் அப்படியொரு ஒலிபெருக்கிதான்.

நமக்கு இதில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. 'மக்களிடம் கேட்டோம்' என்றால், எந்த மக்களிடம்?

கோயில் திடலில் கூட்டம் போட்டால் ஓரமாக நிற்பவர் வாய் திறப்பது கடினம். நிலம் வைத்திருப்பவர் நெல் விலை கேட்பார். அதே வயலில் நாற்று நடும் அம்மாவுக்கு வேண்டியது மனைப்பட்டா, முதியோர் உதவித்தொகை, மகளின் சாதிச் சான்றிதழ். ஊர் ஒன்றுதான், பயிரும் ஒன்றுதான், தேவை வேறு. ஊர்த்தெருவில் மட்டும் கேட்டு வடிவமைத்தால் அது ஊர்த்தெருவுக்கான ஏற்பாடாகவே முடியும். வில்லியனூர் பகுதி மையங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் திட்டங்களின் விவரம் தொகுத்து வைக்கப்பட்டது. தலித் மக்கள் வாழும் திருக்காஞ்சிபேட்டிலும் ஒரு மையம் வந்தது.

இன்று கணினியே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சான்றிதழ், கல்வி உதவித்தொகை என்று பலவற்றுக்கும் இணையத்தில்தான் விண்ணப்பம். ஆனால் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும் அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால், கூலி வேலை செய்பவருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போனவர் பையில் இருந்தால், ஓடிபி வந்தும் பயனில்லை. இதையெல்லாம் செயலி எழுதுபவரிடம் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். அல்லது அவர் வந்து கேட்டிருக்க வேண்டும்.

கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நாளை நீங்கள் ஒரு செயலி செய்யலாம், பஞ்சாயத்துக்கு ஒரு ஏற்பாட்டை வடிவமைக்கலாம். அதற்கு முன், வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் மாலை நேரத்தில் பாகூர், வில்லியனூர் பக்கத்து பேட் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். கடைசியாக எந்த அலுவலகத்துக்கு அலைந்தீர்கள், எத்தனை நாள் கூலி போனது, யார் உங்களை வெளியே நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்ட பிறகு கணினியைத் திறக்கலாம்.