மழையை அளக்கும் வகுப்புகள்

தேடிக் கற்போம் – 12

பள்ளியில் செயல்திட்டம் கொடுத்தால் பல வீடுகளில் அந்த வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது. ஸ்டேஷனரி கடையில் படத்தாள் வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி முடிக்க நள்ளிரவு ஆகிவிடுகிறது. மறுநாள் மதிப்பெண் விழும். சார்ட் அலமாரிக்கு மேலே போகும். பாடநூலில் இருந்ததே பெரிய தாளுக்கு இடம் மாறியிருக்கும். பிள்ளை தானாக அறிந்துகொண்டது ஒன்றும் இருக்காது.

2012-13இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அறிமுகமானது. 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அதில் 20 செயல்பாடுகளுக்கே. மனப்பாடத்தைத் தாண்டி மாணவரைப் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. செயல்பாடு என்றால் சார்ட் என்று சுருங்கிய பள்ளிகளில் அந்த எண்ணம் நிறைவேறவில்லை.

உண்மையான செயல்திட்டத்துக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. பிள்ளைகளிடம் ஒரு கேள்வி இருக்கும். அதற்கான விடை எந்த நூலிலும் எழுதப்பட்டிருக்காது. அளந்தும் விசாரித்தும் கணக்குப் போட்டும் அவர்களே விடையைத் தேடிச் சேர்வார்கள். கிடைத்த விடை வகுப்புக்கு வெளியே யாருக்காவது பயன்படும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

நூறாண்டுப் பாதை

இந்த முறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக், முழுமனதோடும் நோக்கத்தோடும் செய்யும் செயலே கல்வியின் மையம் என்று 1918இல் எழுதினார். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி, கைத்தொழிலை நடுவில் வைத்துப் பிற பாடங்களை அதன் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்ற நூலின் நீளத்தில் கணக்கும், பருத்தி விளையும் மண்ணில் புவியியலும் கற்கலாம் என்பது அதன் வழி.

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் எளிய கருவிகளால் தாங்களே சோதனை செய்தார்கள்; முடிவைத் தாங்களே எழுதினார்கள். தேர்வு புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. செய்முறைத் தேர்வும் உண்டு. கற்பிக்கும் முறைக்கு ஏற்பத் தேர்வையும் மாற்றினார்கள் என்பதே அதன் தனிச்சிறப்பு. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் அது நடந்தது.

1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நமக்கு இன்னும் நெருக்கமானது. 10 முதல் 17 வயதுவரையுள்ள மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து, நாட்குறிப்பு வைத்து, அறிக்கை எழுதி, மாவட்ட, மாநில, தேசிய அளவில் முன்வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஆசிரியர்கள் இதற்காக உழைத்திருக்கிறார்கள். தமிழிலேயே ஆய்வறிக்கை எழுத அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும் என்பதை இந்த மாநாடு காட்டியிருக்கிறது.

அங்கே சில குழுக்கள் செய்வதை ஒரு பள்ளி முழுக்கச் செய்ய முடியாதா? முடியும். ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: நம் பள்ளி மீது பெய்யும் மழை எங்கே போகிறது?

சொட்டில் தொடங்கும் கணக்கு

1, 2 வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக் குழாய்களைச் சுற்றிப் பார்க்கட்டும். எது ஒழுகுகிறது? அதன் அடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்க்கட்டும். 20 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளில் 14 லிட்டருக்கு மேல் வீணாகிறது. பெருக்கல் பெரிய வகுப்பு அண்ணன், அக்காவின் வேலை. எத்தனை டம்ளர் என்று படம் போட்டு எண்ணுவது சின்னவர்களின் வேலை.

3 முதல் 5ஆம் வகுப்புவரை மழைமானி செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனல்போல அதன் மேலேயே பொருத்த வேண்டும். அடிப்பகுதி சமமாக இருக்காது. கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்து, மேலே அளவுகோலை ஒட்ட வேண்டும். மரநிழலும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு அளவெடுக்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறையும் 24 மணி நேர மழையைக் காலை 8.30 வரையே கணக்கிடுகிறது. அதனால் செய்தித்தாளில் வரும் அளவோடு பிள்ளைகள் தங்கள் அளவை ஒப்பிடலாம். இரண்டு மழைமானிகள் இரண்டு அளவு காட்டினால் அதைத் திருத்த வேண்டாம். ஏன் வேறுபட்டது என்று தேடுவதுதான் அன்றைய அறிவியல் பாடம்.

6 முதல் 8ஆம் வகுப்புவரை கணக்குக்கு நல்ல விருந்து. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். கட்டடம் 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் மொட்டை மாடியின் பரப்பு 120 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் மழையில் 4,800 லிட்டர் விழும். ஆவியாதல், தேக்கம், கசிவு போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று கொண்டால் 3,840 லிட்டர். பள்ளியின் ஒரு நாள் தேவையை மாணவர்களே கணக்கெடுத்தால், ஒரு மழை எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடலாம். பரப்பளவு, சதவீதம், சராசரி, வரைபடம் எல்லாம் இதில் அடக்கம்.

9, 10ஆம் வகுப்புகள் மண்ணுக்கு வரட்டும். அடிப்பாகத்தை நீக்கிய தகர டப்பாவைத் தரையில் பாதி அமுக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். விளையாட்டு மைதானத்தில், மரத்தடியில், தோட்டத்தில் என மூன்று இடங்களில் செய்தால் நேரம் மாறும். ஏன் என்ற கேள்வி மண்ணின் இறுக்கத்துக்கும் வேருக்கும் மண்புழுவுக்கும் இட்டுச் செல்லும்.

ஏரியில் சேரும் பாடங்கள்

மேல்நிலை வகுப்புகள் பள்ளிச் சுவரைத் தாண்டலாம். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. நம் ஊர் நீர்நிலையின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது? மதகு எத்தனை? கலங்கல் எந்தப் பக்கம்? கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தையும் இன்றைய நிலத்தையும் ஒப்பிட்டால், எந்த இடத்தில் வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்பது தெரியும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் மாணவர்கள் குடவோலை முறையை எழுதிவிடுவார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட அதே கல்வெட்டில் ஏரி வாரியமும் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே அன்று ஒரு குழு இருந்தது. இன்று நம் ஊரில் அந்தப் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்வியோடு போகும் மாணவருக்கு வரலாறும் குடிமையியலும் ஒரே பாடமாகிவிடும். தமிழாசிரியர், மடை திறந்து வயலுக்கு நீர் விட்ட நீர்க்கட்டிகளையும் வயதான விவசாயிகளையும் பேட்டி காண அனுப்பலாம். கேள்விகளை முன்கூட்டியே எழுதுவது, பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுப்பது, அதைக் கட்டுரையாக்குவது ஆகிய மூன்றும் மொழிப்பயிற்சிதான். பொருளியல் மாணவர்கள் தூர்வாரும் செலவைக் கணக்கிடலாம். விலங்கியல் மாணவர்கள் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம்.

ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. நீர்நிலைக்குப் போகும்போது இரண்டு பெரியவர்களாவது உடன் இருக்க வேண்டும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பெற்றோரின் அனுமதி எழுத்தில் வேண்டும்.

ஆசிரியர் கவனத்துக்கு

குழு வேலையில், நன்றாக வரையும் பிள்ளையே எல்லாம் செய்து மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது வழக்கம். அளப்பவர், குறிப்பவர், பேட்டி காண்பவர், சரிபார்ப்பவர் என்று பொறுப்பைப் பிரித்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அளப்பதைப் பையன்களுக்கும் அழகாக எழுதுவதைப் பெண் பிள்ளைகளுக்கும் ஒதுக்கும் பழக்கம் அப்போதுதான் உடையும்.

மதிப்பெண்ணை அறிக்கையின் அழகுக்குப் போடாதீர்கள். கேள்வி எவ்வளவு தெளிவு, குறிப்பேட்டில் நாள்தோறும் பதிவு இருக்கிறதா, தவறு வந்தபோது என்ன செய்தார்கள், தன் பங்கை ஒவ்வொருவரும் வாய்மொழியாக விளக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். திருத்தி எழுதும்போதுதான் சிந்தனை கூர்மையாகிறது.

போர்ஷன் முடியாது, நாற்பது நிமிடப் பாடவேளையில் எதுவும் நடக்காது என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. ஆண்டுக்கு ஒன்று போதும். தொடங்குமுன் எந்தெந்தப் பாடம் இந்தத் திட்டத்துக்குள் அடங்குகிறது என்று பாட ஆசிரியர்கள் சேர்ந்து பட்டியல் போடுங்கள். அந்தப் பாடங்களை மறுபடி நடத்த வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுக்கத் தலைமையாசிரியரால் முடியும். ஆசிரியர் தனியாகச் சுமந்தால்தான் இது பாரம்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. செப்டம்பரிலேயே மழைமானியைச் செய்து வையுங்கள். மூன்று மாதம் அளந்தால் ஜனவரி 26 கிராம சபைக்கு ஓர் அறிக்கை தயாராகிவிடும். அதை மாணவர்களே ஊர் மக்கள் முன் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். நகரத்துப் பள்ளிகள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் நேரில் கொடுக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கொண்டுவரும் தாள் கோணலாக இருக்கலாம், எழுத்துப் பிழையும் இருக்கலாம். அதைச் செய்துகொடுக்காதீர்கள், அது பற்றிக் கேள்வி கேளுங்கள். அவர்கள் அளந்த மழையை அவர்களே சொல்லட்டும்.