கசபிளங்காவின் ஐரோப்பிய முகங்கள்

"கசபிளங்கா" என்னும் ஹொலிவூட் காதற்படம் 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. போரிலிருந்து தப்பிய ஐரோப்பிய மக்கள், அமெரிக்கா செல்லும் வழி தேடி மொரொக்கோத் துறைமுகமொன்றிற் காத்துக்கிடக்கும் காலமே கதையின் களம். படமோ பெரும்பாலும் கலிபோணியாவில், வார்ணர் சகோதரரின் படப்பிடிப்பு நிலையத்தினுள்ளேயே எடுக்கப்பட்டது. ஆயினும் அதன் ஐரோப்பியச் சாயலை ஒப்பனை என்று தள்ளிவிட இயலாது.

நெறியாளர் மைக்கேல் கேர்ட்டிஸ் புடாபெஸ்ற்றிற் பிறந்தவர். இசையமைத்த மக்ஸ் ஸ்ரைனர் வியன்னா நகரத்தவர். நாயகி இங்கிறிட் பேர்க்மன் சுவீடன் தேசத்தவர். நாயகன் ஹம்பிறி போகாட்டும், பியானோ வாசிப்பவராக வரும் டூலி வில்சனும் அமெரிக்கர். ஏனைய முக்கிய பாத்திரங்களில் அமெரிக்கரைக் காண்பது அரிது.

நாஜி அதிகாரியாகத் தோன்றி அச்சமூட்டும் கொன்றாட் வைற், யூத மனைவியுடன் 1933இல் ஜேர்மனியை விட்டு நீங்கியவர். தாம் வெறுத்தவரின் உடையையே அவர் அணிய நேர்ந்தது! சூதாட்ட மேசையருகே சிறிது நேரமே தோன்றும் மார்செல் டாலியோ, பிரான்சில் றெனுவாரின் படங்களிற் பெரும் பாத்திரங்களை ஏற்ற யூத நடிகர். 1940இல் பாரிசை விட்டோடிய அக்கலைஞருக்கு ஹொலிவூட் அளித்த இடம் இவ்வளவே.

ஜேர்மனிய அதிகாரிகள் விடுதியிற் பாடத்தொடங்க, அங்கிருந்தோர் எழுந்து பிரெஞ்சுத் தேசிய கீதத்தால் அக்குரலை அடக்கும் காட்சி நேயர் பலர் அறிந்ததே. அதிற் கண்ணீர் மல்கப் பாடும் மடலேன் லெபோ, டாலியோவை மணந்து அவருடன் பாரிசை விட்டு வெளியேறியவர். அப்போது இருபது வயதும் நிரம்பாதவர். அக்காட்சி எடுக்கப்பட்ட நாளிற் பாரிஸ் ஜேர்மனியர் கையிலேயே இருந்தது. அது விடுதலை பெற்றது 1944இல்.