அச்சு பதித்து வாழ்த்து அட்டை செய்தல்

அச்சு பதித்து வாழ்த்து அட்டை செய்தல் என்பது காய்கறித் துண்டு, இலை, விரல் நுனி, ரப்பர்த் துண்டு போன்றவற்றில் வண்ணம் தொட்டு, தாளில் ஒற்றி, வாழ்த்து அட்டைகளை உருவாக்கும் எளிய கைவினை ஆகும். ஓவியம் வரையத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். ஒரு முறை ஆயத்தம் செய்த அச்சைக் கொண்டு குறுகிய நேரத்தில் பல அட்டைகளைச் செய்ய முடியும். "எனக்கு வரைய வராது" என்று ஒதுங்கும் குழந்தையும் பிறருக்குத் தன் கையால் ஒரு வாழ்த்து செய்து கொடுக்க முடிவதே இம்முறையின் முதன்மையான பயன்.

பின்னணி

மேடாக உள்ள பகுதியில் மட்டும் வண்ணம் பட்டு, அப்பகுதி மட்டும் தாளில் பதிவதே இம்முறையின் அடிப்படை. பள்ளமான பகுதி வெள்ளையாகவே நிற்கும். ரப்பர் முத்திரை, அச்சகத்தின் ஈய எழுத்து, ஆந்திரத்தின் மசூலிப்பட்டினக் கலம்காரித் துணிகளில் பயன்படும் மர அச்சுக்கட்டை ஆகிய அனைத்தும் இதே அடிப்படையில் அமைந்தவை.

தமிழ் வீடுகளுக்கும் இது புதிதன்று. கிருஷ்ண ஜெயந்தி அன்று, மடக்கிய கையின் பக்கவாட்டை அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளிகள் வைத்துக் குழந்தைக் கண்ணனின் பாதச் சுவடுகளை இடுவர். அதில் கையே அச்சு. மாவுக் கரைசலே மை.

அச்சிட்ட வாழ்த்து அட்டைகளில் பழமையானவற்றுள் ஒன்று, 1843-ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு உருவாக்கிய கிறிஸ்துமஸ் அட்டை ஆகும். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் பல ஆண்டுகள் பரவலாக இருந்தது. கரும்பு, பொங்கல் பானை, கடவுளர், தலைவர்கள், திரைப்பட நடிகர்கள் ஆகியோரின் படங்கள் உள்ள அட்டைகள் மார்கழியில் கடைகளில் தொங்கும். கைப்பேசி பரவிய பின் இவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. வாங்கி அனுப்பும் அட்டை குறைந்துவிட்ட போதிலும், செய்து கொடுக்கும் அட்டைக்கான தேவை குறையவில்லை.

அட்டையின் அளவு

கடைகளில் கிடைக்கும் சார்ட் தாள் பொதுவாக 22 x 28 அங்குலம் இருக்கும். அதை நான்கு முறை பாதி பாதியாக மடித்து வெட்டினால் 5.5 x 7 அங்குலத்தில் 16 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 5.5 x 3.5 அங்குல அட்டை ஆகும். இது ஏறத்தாழ அஞ்சலட்டையின் அளவு (14 x 9 செ.மீ.). எனவே 40 மாணவர்கள் உள்ள வகுப்புக்கு 3 சார்ட் தாள்கள் போதும். 8 அட்டைகள் மிஞ்சும். வழுவழுப்பான பக்கத்தில் வண்ணம் வழுக்கும். சற்றுச் சொரசொரப்பான பக்கமே அச்சுக்கு ஏற்றது.

வண்ணமும் மைத்தட்டும்

போஸ்டர் கலர் எளிதில் கிடைப்பது, கழுவினால் போவது. அது தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். நீர் அதிகமானால் ஓரங்களில் வழியும். அச்சை நேராகக் கிண்ணத்தில் முக்கினால் பள்ளங்களும் நிரம்பி, உருவம் தெரியாமல் வெறும் திட்டாகப் பதியும். அதனால் ஒரு தட்டில் பருத்தித் துணியை நான்காக மடித்து வைத்து அல்லது பஞ்சுத் துண்டு வைத்து, அதில் வண்ணத்தை ஊறவிட்டு மைத்தட்டாகப் பயன்படுத்த வேண்டும்.

மஞ்சள் தூளைக் கெட்டியான கஞ்சியில் குழைத்தால் மஞ்சள் நிறம் கிடைக்கும். அதில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால், ஆரத்தி நீரில் காண்பது போலச் சிவப்பாக மாறும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் தன்மை உடையது. சுண்ணாம்பைப் பெரியவர்களே கையாள வேண்டும், கண்ணில் படக்கூடாது.

அச்சு வகைகள்

காய்கறி அச்சு: வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து முனைகள் கொண்ட பூ அல்லது விண்மீன் வடிவம் கிடைக்கும். சமையலுக்கு ஆகாத முற்றிய காயே அச்சுக்கு நல்லது. உறுதியாக நிற்கும், உணவும் வீணாகாது. பாகற்காய் விதை நீக்கிய பின் சுருக்கங்கள் கொண்ட வளையமாகப் பதியும். பாதியாக வெட்டிய வெங்காயம் வட்டத்துக்குள் வட்டமாகப் பதியும். முட்டைக்கோஸைப் பாதியாகப் பிளந்தால் கிளைத்த மரம் போன்ற உருவம் கிடைக்கும். வாழை மட்டையின் குறுக்கு வெட்டு, உள்ளே சிறு அறைகள் கொண்ட பிறை வடிவத்தைத் தரும். உருளைக்கிழங்கில் வேண்டிய உருவத்தைச் செதுக்கிக்கொள்ளலாம்.

இலை அச்சு: இலையின் அடிப்பக்கத்தில் நரம்புகள் மேடாக இருப்பதால் அப்பக்கத்திலேயே வண்ணம் தடவ வேண்டும். பின்னர் அட்டையில் கவிழ்த்து, மேலே பழைய செய்தித்தாள் வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்க்க வேண்டும். மந்தாரை இலை இரண்டாகப் பிளந்திருப்பதால் வண்ணத்துப்பூச்சி போலப் பதியும்.

விரல் அச்சு: பெருவிரல் ரேகைப் பதிவுக்குப் பேனாவால் கால், அலகு, வால் சேர்த்தால் பறவை, எறும்பு, மீன் ஆகிவிடும். ஒருவருடைய ரேகை மற்றவருடையதைப் போல இராது. ஆகையால் அட்டையில் அனுப்புபவரின் அடையாளமே பதிகிறது.

ரப்பர், நூல் அச்சு: தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பைக் கழுவிக் காயவைத்து வெட்டி, மரத்துண்டில் ஒட்டினால் பல ஆண்டுகள் உழைக்கும் அச்சு கிடைக்கும். தீப்பெட்டியின் மேல் நூலைச் சுற்றி ஒட்டினால் கோடுகள் பதியும். பேனா மூடியின் வாய் சிறு வளையத்தையும், பஞ்சுக் குச்சி கோலப் புள்ளியையும் தரும்.

செய்முறை

1. மேசையில் செய்தித்தாளை நான்கு மடிப்பாக விரித்து, அதன்மேல் அட்டையை வைக்க வேண்டும். அடியில் மென்மை இருந்தால்தான் அச்சின் எல்லாப் பகுதியும் தாளில் படும்.
2. காயை ஒரே வெட்டில் சமமாக வெட்ட வேண்டும். அறுத்தால் முகம் அலைபோல் ஆகிவிடும்.
3. வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி, ஏறத்தாழ 10 நிமிடம் ஆறவிட வேண்டும். வெண்டைக்காயின் கொழகொழப்பும் உருளைக்கிழங்கின் நீரும் வண்ணத்தை ஒட்டவிடாமல் தடுக்கும்.
4. மைத்தட்டில் மெதுவாக ஒற்றி எடுத்து, முதலில் வேண்டாத தாளில் ஒரு முறை பதிக்க வேண்டும்.
5. அட்டையில் நேராக வைத்து அழுத்தி, அசைக்காமல் நேராகத் தூக்க வேண்டும்.
6. ஒரு நிறம் காய்ந்த பின்னரே அடுத்த நிறத்தைப் பதிக்க வேண்டும்.

வகுப்பில் செய்யும்போது ஒரு மேசைக்கு ஒரு நிறம் என வைத்து, மாணவர்கள் அட்டையுடன் மேசை மேசையாக நகர்ந்தால் நிறங்கள் கலக்கா. காயவும் நேரம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: பொங்கல் அட்டை

கேரட்டின் வட்ட முகத்தால் சூரியனைப் பதித்து, தடித்த அட்டைத் துண்டின் விளிம்பால் கதிர்களை ஒற்றலாம். குறுக்கே வெட்டிய உருளைக்கிழங்கின் மேற்பகுதியைச் சற்று நேராக்கினால் பானை ஆகும். அதே அட்டை விளிம்பைப் பச்சை நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றினால் கணுக்களுடன் கரும்பு வரும். கரும்பின் தோகைக்கு மெல்லிய புல் இலை பொருந்தும். கீழ் ஓரத்தில் பஞ்சுக் குச்சியால் புள்ளிகள் வைத்தால் கோலம் நிறைவுறும்.

எழுத்துகளைப் பதித்தல்

அச்சில் செதுக்கியது தாளில் இடவலம் மாறிப் பதியும். "ப" போன்று இருபுறமும் ஒத்த எழுத்துக்கு இதனால் சிக்கல் இல்லை. "வ", "க" போன்ற பெரும்பாலான எழுத்துகளைத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஒரு சொல்லை ஒரே கட்டையில் செதுக்கினால் முதல் எழுத்து வலப்பக்க ஓரத்தில் அமைய வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு: மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் சொல்லை எழுதி, எழுதிய பக்கத்தை அச்சின் மேல் கவிழ்த்து, பின்புறம் தேய்த்தால் எழுத்துகள் தாமே திரும்பி விழும். தொடக்க வகுப்பினருக்கு இதுவும் தேவையில்லை. படத்தை அச்சால் பதித்து, வாழ்த்தைக் கையால் எழுதுவதே சிறப்பு. பெறுபவர் தேடிப் படிப்பது அந்தக் கையெழுத்தையே.

ஜவ்வாது மலையில் கிடைக்கும் பொருள்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் முதன்மையான ஊர். இங்கு மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. கடைத்தெரு தொலைவாக உள்ள இத்தகைய ஊர்களுக்கு, வாங்க வேண்டியவை தாளும் வண்ணமும் மட்டுமே என்பதால் இக்கைவினை பொருத்தமானது.

மலையில் விளையும் சாமையின் கதிரை இலை போலவே வண்ணம் தடவிப் பதிக்கலாம். புளியின் சிற்றிலைகள் வரிசையாகவும், பலா இலை தெளிவான நரம்புகளுடனும் பதியும். இதே மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. கருநீலத் தாளில் வெள்ளை வண்ணத்தில் வெண்டைக்காய் விண்மீன்களைப் பதித்தால், அம்மலையின் இரவு வானமே வாழ்த்து அட்டை ஆகும்.

பிழைகளும் திருத்தங்களும்

உருவம் திட்டாகப் பதிந்தால் வண்ணம் மிகுதி. வேண்டாத தாளில் ஒரு முறை ஒற்றிவிட்டுப் பதிக்க வேண்டும். நடுவில் பதியாவிட்டால் வெட்டு சமமாக இல்லை அல்லது அடியில் மென்மை போதவில்லை. இரட்டையாகத் தெரிந்தால் தூக்கும்போது கை அசைந்துள்ளது. கறைபட்ட இடத்தை அழிக்க முயலாமல், அதன்மேல் ஓர் இலையையோ பூவையோ பதித்துவிடலாம்.

பாதுகாப்பு

கத்தியைப் பெரியவர்களே கையாள வேண்டும். எருக்கு, அரளி, கள்ளி போன்ற பால் வடியும் செடிகளின் இலைகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் பால் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது. வண்ணம் தொட்ட காய்களை உண்ணக்கூடாது, கால்நடைகளுக்கும் இடக்கூடாது. காய்கறி அச்சு ஒரு நாளில் வாடிவிடும். ஆகையால் வெட்டிய அன்றே அட்டைகளைச் செய்து முடிக்க வேண்டும்.

கல்விப் பயன்

வெண்டைக்காயின் வெட்டுமுகத்தில் விதையறைகளையும், இலை அச்சில் நரம்பமைப்பையும் மாணவர்கள் காண்கின்றனர். தாளை மடித்து வெட்டுவதில் பின்னமும், திருப்பிச் செதுக்குவதில் சமச்சீரும் விளங்குகின்றன. ஒரே அச்சிலிருந்து வந்தாலும் இரண்டு அட்டைகள் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. தனக்குக் கிடைத்த அட்டை வேறு எவரிடமும் இல்லை என்பதைப் பெறுபவர் பார்த்தவுடன் அறிந்துகொள்வார்.