இடுப்பிலிருந்து நழுவிய டேப்

2014 நவம்பரில், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஐம்பது மாடி உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரின் இடுப்பிலிருந்து இஞ்ச் டேப் ஒன்று நழுவியது. அரைக் கிலோகூட இருக்காது. தரையை நெருங்கும்போது ஓர் இரும்புச் சாமானில் பட்டுத் திசை திரும்பி, சுவர்ப் பலகை இறக்க வந்திருந்தவரின் தலையைத் தாக்கியது. அவர் இறந்துபோனார். தலையில் ஹெல்மெட் இல்லை.

போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஏனென்று தெரிய ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே நாடாக்களால் பின்னிய ஒரு தொட்டில் இருக்கும். தலை அதில்தான் உட்காரும். மேல் ஓட்டைத் தொடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம்தான் ஆளைக் காப்பாற்றுகிறது. விழும் பொருளின் வேகம் 3 மில்லிமீட்டரில் அடங்கினால் விழும் அடியோடு ஒப்பிட்டால், 3 சென்டிமீட்டரில் அடங்கினால் விழும் அடி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஓட்டின் வேலை அடியை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரப்புவது, வாங்கிக்கொள்வது நாடா. வியர்வைக்காகத் துண்டை மடித்து உள்ளே திணிப்பவர்களும், பீடிக்கட்டைச் செருகிவைப்பவர்களும் அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறார்கள்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பியத் தர விதிப்படி, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். கணக்குப் போட்டால், அரைக் கிலோ சுத்தியல் 10 மீட்டரிலிருந்து விழுவதும் அதே அடிதான். பத்து மீட்டர் என்பது மூன்று மாடி. 20 மீட்டரிலிருந்து விழும் சுத்தியல் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஐம்பது மாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஹெல்மெட்டைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூவர் அணை வேலையாட்கள், யாரும் வாங்கித் தராத காலத்தில், துணித் தொப்பிகளைத் தாரில் தோய்த்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டார்கள். கல் விழுந்து தாடை உடைந்தவர்களுக்குக்கூட மண்டை உடையவில்லை என்கிறது அந்தக் காலத்துப் பதிவு. சான் பிரான்சிஸ்கோவில் சுரங்கச் சாமான் விற்றுவந்த புல்லார்ட் குடும்பம், கேன்வாஸை ஆவியில் வேகவைத்துப் பசை தடவிச் செய்த கெட்டித் தொப்பியை 1919லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய மகன் எட்வர்டுக்கு, தான் போர்க்களத்தில் அணிந்த இரும்புத் தொப்பியிலிருந்து வந்த யோசனை அது. 1933இல் கோல்டன் கேட் பாலத்தின் வேலை தொடங்கியபோது, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் எல்லோரும் கெட்டித் தொப்பி போட்டே ஆகவேண்டும் என்றார். பாலத்துக்கு அடியில் வலையும் கட்டினார். கால் தவறிய 19 பேர் அந்த வலையில் விழுந்து பிழைத்தார்கள். ஆனால் 1937 பிப்ரவரியில் ஒரு சாரமே இடிந்து வலையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. 10 பேர் மாண்டார்கள்.

தொப்பி, வலை எல்லாம் பொருள் விழுந்த பிறகு செய்யும் வேலை. விழாமல் செய்வது இன்னும் எளிது, இன்னும் மலிவு. கருவியைக் கயிற்றில் கட்டுவதுதான் அது. ஒரு முனை ஸ்பேனரில், மறு முனை இடுப்பு பெல்ட்டில் அல்லது மணிக்கட்டில். இரண்டரைக் கிலோவை நெருங்கும் கருவியானால் உடம்பில் கட்டக் கூடாது; அது விழும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும், கட்டடத்தில்தான் கட்ட வேண்டும். இப்படிக் கட்டும் கயிறுகளுக்கென்று அமெரிக்காவில் தனித் தர விதி வந்ததே 2018இல்தான். நூறு ஆண்டுகள் தொப்பியையே நம்பியிருந்தோம் என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

சாரத்தின் ஓரத்தில் நிறுத்தும் பலகையும் பொருளை விழாமல் தடுப்பதுதான். அமெரிக்க விதி கேட்கும் உயரம் மூன்றரை அங்குலம். காலில் தட்டுப்பட்டு உருளும் செங்கல்லுக்கு அது போதும்.

நம்மூர் கட்டட வேலைக்கு இந்தக் கயிறும் பலகையும் இன்னும் கூடுதலாகத் தேவை. சித்தாள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் செங்கல்லோ கலவைச் சட்டியோ சுமக்கிறார். அந்தத் தலையில் ஹெல்மெட்டுக்கு இடமில்லை. அவர் நடந்துபோவதும் கொத்தனார் நிற்கும் சாரத்துக்கு அடியில்தான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாளைக்கே மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள்: சாரத்தின் ஓரத்தில் பலகை இருக்கிறதா, கொத்தனாரின் கரணையில் கயிறு கட்டியிருக்கிறதா?