கணினியின் உண்மையான விலை

பள்ளிக்கோ கள அலுவலகத்திற்கோ கணினி வாங்க நேர்ந்தால், விலைப்புள்ளிகளைப் பெற்று அவற்றுள் குறைந்ததை ஏற்பது வழக்கம். ஆயினும், விலைப்புள்ளியில் காணப்படும் தொகை முதற்செலவு மட்டுமே. மின்சாரம், பாட்டரி மாற்றம், பழுதுபார்ப்பு ஆகியன பின்னர் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. இவை யாவற்றையும் கூட்டி, கணினி உழைக்கும் ஆண்டுகளால் வகுத்தால் கிடைப்பதே அதன் உண்மையான விலையாகும்.

ஓர் உதாரணத்தைக் காண்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை. அவரவர் ஊர் நிலவரப்படி இவற்றை மாற்றிக்கொள்ளலாம். மடிக் கணினியின் விலை ரூ. 32,000, இடையில் ஒரு புதிய பாட்டரிக்கு ரூ. 4,000. நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டிற்கு ரூ. 9,000 ஆகிறது. மேசைக் கணினியின் விலை ரூ. 40,000, யு.பி.எஸ்., அதற்கு இருமுறை மாற்றும் பாட்டரி, கூடுதல் நினைவகம் ஆகியவற்றிற்கு ரூ. 9,000. ஏழு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டிற்கு ரூ. 7,000 ஆகிறது.

இனி மின்சாரம். ஆண்டிற்கு 220 நாட்கள், நாளொன்றுக்கு 6 மணி நேரம் எனில் மொத்தம் 1,320 மணி நேரமாகும். 30 வாட் கொள்ளும் மடிக் கணினி சுமார் 40 யூனிட்டும், 100 வாட் கொள்ளும் மேசைக் கணினி 132 யூனிட்டும் செலவிடும். யூனிட் ரூ. 8 எனில் வேறுபாடு ஏறத்தாழ ரூ. 740. எனவே, மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், முதல் விலை அதிகமான மேசைக் கணினியே சிக்கனமானது.

ஆனால், அதே மடிக் கணினி ஆறு ஆண்டுகள் உழைக்குமாயின் முடிவு தலைகீழாகிவிடும்; அதன் ஆண்டுச் செலவு ரூ. 6,000 ஆகக் குறையும். ஆகவே, தீர்மானிக்கும் அம்சம் ஆயுட்காலமே.

ஆயுளை முடிப்பது எப்போதும் பழுதன்று. விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் பொதுவாக முடிவுற்றன. விண்டோஸ் 11-க்குரிய தகுதிகள் இல்லாத கணினிகள், நல்ல நிலையில் இருந்தபோதிலும் பழையனவாகக் கருதப்பட்டன. இத்தகையவற்றுள் பலவற்றை லினக்ஸ் முறைமையைக் கொண்டு மேலும் சில ஆண்டுகள் இயக்கலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' அவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும், பயிற்சிக்குச் செலவிடும் நாட்களையும், அச்சுப்பொறி முதலியன இணங்குமா என்பதையும் கணக்கில் கொள்ளுதல் அவசியம்.

வாங்குமுன் மூன்று வினாக்களை எழுத்து மூலம் கேட்டல் நலம். பாட்டரியும் நினைவகமும் மாற்றக்கூடியனவா? பழுதுபார்க்கும் நிலையம் மாவட்டத்திற்குள் உள்ளதா? மென்பொருள் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும்?

ஒவ்வொரு கணினிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிச் செலவையும், அது இயங்காதிருந்த நாட்களையும் குறித்து வருக. பழுதுற்றுக் கிடக்கும் கணினியால் மாணவர் இழக்கும் பாடவேளை எந்த விலைப்புள்ளியிலும் இடம்பெறுவதில்லை. அடுத்த கொள்முதலின்போது அதனை எடுத்துரைக்க அப்பதிவேடே சான்றாகும்.