இசை நாடகத்தை நேரில் காணுதல்: 'வள்ளி திருமணம்' கொண்டு ஒரு விளக்கம்

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுக்கப்பெற்ற தமிழில், நாம் பள்ளிகளில் பெரிதும் பயிற்றுவது இயலையே. நாடகம் பாடநூலில் இடம்பெற்றாலும் அது படிக்கப்படுகிறது, காணப்படுவதில்லை. இசை நாடகத்தில் இதனால் நேரும் இழப்பு பெரிது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' கொண்டு இதனை விளக்குவோம்.

1867இல் பிறந்து 1922இல் மறைந்த சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்க்கு நாடகம் பயிற்றினார். அவர் இயற்றியவற்றுள் 'வள்ளி திருமணம்' மிகப் பரவலாக நடிக்கப்பெறுவது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் அது இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது.

தினைப்புனம் காக்கும் வள்ளியை முருகன் வேடனாகவும் முதியவனாகவும் வந்து மணக்கும் கதையை அறியாதார் அங்கு இரார். அறிந்த கதையை ஏன் இரவு முழுதும் காண்கின்றனர்? அதன் விடை நாடகம் நடைபெறும் முறையில் உள்ளது.

'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இம்முறையில் நடிகர் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெறுவர், ஒத்திகை இல்லை. வள்ளியும் முருகனும் அன்று மாலைதான் சந்தித்திருக்கவும் கூடும். பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஆர்மோனியக் கலைஞர் சுருதி தந்து, உடன் பாடி, நடிகரை வழிநடத்துவார். பாடல்களுக்கு இடைப்பட்ட உரையாடல் பெரும்பாலும் மேடையிலேயே உருவாகும்.

இதன் சிகரம் நாரதர்–வள்ளி தர்க்கம். இருவரும் தம் புலமைக்கேற்ப வினவுவர், செய்யுளை மேற்கோள் காட்டுவர், சிலேடையால் மடக்குவர். அவையோர் சுவைத்துக் கைதட்டினால் தர்க்கம் வளரும், சோர்ந்தால் சுருங்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் முருகனாகவும் வள்ளியாகவும் பாடிய காலத்தில், 'ஒன்ஸ் மோர்' என்ற அவையின் குரலுக்கிணங்கிப் பாடல்களைத் திரும்பப் பாடுவது நாடக மேடையின் வழக்கமாக இருந்தது. ஆகவே காண்போரும் நாடகத்தை ஆக்குவோரே.

கெடாவில் வாழும் நமக்கு இக்கலையின் உறவுக்கலை ஒன்று அருகிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் உருவான மலாய் 'பங்சாவான்', இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் பிறந்தது. தமிழ் இசை நாடகமும் வண்ணத் திரைச்சீலைகளையும் ஆர்மோனியத்தையும் அந்தப் பார்சி மேடையின் வழியே பெற்றது. பங்சாவானிலும் உரையாடலை மேடையிலேயே அமைத்துக்கொள்ளும் மரபு உண்டு. காட்சிகளுக்கிடையே ஆடலும் பாடலும் நிகழும். தமிழ் மேடையில் பபூன் அவையை மகிழ்விப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது.

ஆசிரியர்கள் மாணவரை நாடகத்திற்கு அழைத்துச் செல்லுமுன் பாடல்களையும் சில சிலேடைகளையும் வகுப்பில் பயிற்றுதல் நலம். நாடகம் நிகழ்கையில் ஒரு குழு ஆர்மோனியக் கலைஞரையும், ஒரு குழு தர்க்கத்தையும், மற்றொரு குழு அவையையும் உற்றுநோக்கட்டும். நூலில் இல்லாது மேடையில் பிறந்தவை எவை என்பதை மறுநாள் தொகுத்துரைக்கலாம். நேரில் காண வாய்ப்பில்லாதோர் ஒலி, ஒளிப்பதிவைத் துணுக்குகளாகக் காணாது முழுமையாகக் காண்பது தகும்.

சிலேடையின் இரண்டாம் பொருளை உணரும் செவி இல்லாத இடத்தில் நடிகர் அதனைச் சொல்லாமலே விட்டுவிடுவார். நாளடைவில் அது கலையிலிருந்தே மறையும். கோலா கெடாவிலும் நம் தோட்டப்புறங்களிலும் தமிழ் பயிலும் ஒவ்வொரு மாணவரும் அத்தகைய செவியுடைய அவையினராக வளர்தல் வேண்டும். வகுப்பறைத் தமிழ் இக்கலைக்கு ஆற்றக்கூடிய தொண்டு அதுவே.