பயத்தைச் சொல்ல ஓர் இடம்

சித்தி கையில் ஸ்கேன் கவர் இருந்தது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். மார்பில் கட்டி, மறுவாரம் ஆபரேஷன். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார். "எனக்கு ரொம்பப் பயமாயிருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. மைக் வைத்திருந்தவர் குறுக்கிட்டார்: "பயம்னு சொல்லாதீங்கம்மா. அது அவிசுவாசிகளோட பேச்சு." கூட்டம் அல்லேலூயா சொன்னது. சித்தி கவரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பத்து வருடமாக அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

பயத்தை வெல்வது பற்றிப் பேசுகிற பிரசங்கியார்கள் தவறாமல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கப்பல் பயணத்தைச் சொல்வார்கள். 1736 ஜனவரி 25. சிம்மன்ஸ் கப்பல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மொராவியர்கள் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் ஆராதனையைத் தொடங்கிப் பாடும்போது பேரலை வந்து விழுகிறது. பெரிய பாய் கிழிகிறது. கப்பல் தளங்களுக்கிடையே கடல் கொட்டுகிறது. ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். மொராவியர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பயமாயில்லையா, பெண்டுபிள்ளைகளுக்குமா என்று வெஸ்லி பிறகு கேட்கிறார். சாவுக்கு அவர்களும் பயப்படுவதில்லை என்று பதில் வருகிறது.

பிரசங்கத்தில் கதை இங்கே முடிந்துவிடும். மொராவியரைப் போல் இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்தக் கப்பலில் முக்கியமானவர் வெஸ்லிதான். 32 வயது, குருப்பட்டம் பெற்றவர், ஊழியம் செய்யப் போகிறவர். தனக்குச் சாகப் பயமாயிருக்கிறது என்பதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிற்பாடு அதை அச்சிட்டு ஊருக்கே கொடுத்தார். இன்று எந்த மேடையில் ஒரு போதகர் இப்படிச் சொல்வார்? சொன்னால் விடுவோமா?

1738 மே 24 இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது வெஸ்லியின் உள்ளத்தில் ஏதோ அனல் மூண்டது. அந்த நாளை மெதடிஸ்டுகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் வீடு திரும்பியதுமே சோதனைகள் மறுபடி நெருக்கின. 1739 ஜனவரியில், தான் கிறிஸ்தவனே இல்லை என்றுகூட எழுதினார். பயமும் சந்தேகமும் ஒரே ராத்திரியில் ஓடிவிடுவதில்லை.

அவரைத் தாங்கிய ஏற்பாடு ஒன்று இருந்தது. சின்னச் சின்னக் குழுக்கள், வாரம் ஒருமுறை சந்திப்பு. அந்த வாரத்துச் சோதனை, சறுக்கல், உள்ளத்தின் உண்மை நிலை எல்லாவற்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். அதற்கான விதிகளை 1738 கிறிஸ்துமஸ் நாளில் எழுதினார். 1742இல் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகளின் கட்டடக் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒருவராக ஆள் வைத்து, வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு அந்த வீடுகளின் நிலைமையும் தெரியவந்தது. வசூல், விசாரிப்பாக மாறியது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் பேசுவது அங்கேதான் நடந்தது என்பேன்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தவர்களில் மெதடிஸ்டுகளும் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு நாமும் வாரிசுகள்தான். ஆனால் நம் வீட்டுக்கூட்டங்களில் என்ன நடக்கிறது? பாட்டு, வசனம், ஜெபம், டீ. யாருக்கு ராத்திரித் தூக்கம் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. பதற்றத்துக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை, விசுவாசக் குறைவு என்று யாரோ சொன்னதால் சாக்கடையில் கொட்டிய ஒரு வாலிபனை எனக்குத் தெரியும். அவனை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. வசனத்தை வாயால் அறிக்கையிட்டால் பயம் விலகும் என்பவர்கள் உண்டு. அப்படிப் பலன் பெற்றவர்களும் இருக்கலாம். ஆனால் கெத்செமனேயில் இயேசுவே கலங்கினார், அதை வாய்விட்டுச் சொன்னார். மூன்று சீஷர்களைக் கூட அழைத்துக்கொண்டு போய் அவர்களிடம் சொன்னார். அவர்கள் தூங்கிப்போனார்கள் என்பது வேறு விஷயம். அதைத்தான் நாமும் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

போன மாதம் எங்கள் வீட்டில் நாலு பெண்கள் மட்டும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, பிள்ளைகள் வெளியூர் போனதிலிருந்து ராத்திரி தனியாய்ப் படுக்கப் பயமாயிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். யாரும் வசனம் சொல்லவில்லை. சித்தி பாயை இழுத்துப் போட்டு ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டார்.

"ரெண்டு, ரெண்டரைக்கு."

"எனக்கும் அந்த நேரம்தான். போன் போடுங்க."